மூடி வைத்த சோப்புச் சீவல்

கோபம் வந்தால் சோப்பக்காவின் வாய் மூடிக்கொள்ளும், பாத்திரங்கள் பேசும். அன்று காலை சோப்பு உலர்த்தும் அறையில் தட்டுகள் மோதிய சத்தத்துக்கு, அவள் தம்பி பல் தேய்ப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"ஜன்னலோரத்துல பேப்பர் போட்டு மூடி வச்சிருந்த சீவல் எங்கடா?"

"ஆபீசுக்குக் கொண்டு போயிட்டேன்க்கா. வெள்ளையா, சுருள் சுருளா அவ்வளவு அழகா இருந்துச்சு. கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு கை கழுவுற இடத்துல வச்சேன். எங்கக்கா செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"எப்ப?"

"முந்தாநாள்."

முந்தாநாள் என்றால், அப்போது சீவி ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

பதினோரு வருடமாக அவள் வீட்டிலேயே சோப்பு செய்கிறாள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கெட்டுப்போன கலவைகளே கற்றுக்கொடுத்தன. கட்டியை வெட்டி ஓரம் சீவும்போது விழுவதில் ஒரு துணுக்கையும் எறிய மாட்டாள். பழைய காலுறையில் திணித்துக் குழாயடியில் தொங்கவிடுவாள். இறுகிப்போன இழுப்பறையின் விளிம்பில் ஒரு தேய்ப்பு, சிக்கும் ஜிப்பில் ஒரு தேய்ப்பு. தைக்கும் துணியில் கோடு போட மெல்லிய வில்லை. மிச்சத்தைத் துருவி வெந்நீரில் கரைத்தால் தரை துடைக்க ஆயிற்று. ஆனால் எல்லாம் ஐந்து வாரம் காய்ந்த பிறகுதான். சோப்பில் சேர்க்கும் காஸ்டிக் சோடாவின் காரம் அதுவரை முழுக்க அடங்காது. காய்ந்த துண்டுகளுக்கென்று தகர டப்பா உண்டு. தம்பி அதைத் திறந்துதான் பார்த்திருக்கிறான். பழுப்பேறி அசிங்கமாக இருந்ததாம்.

"இன்னொண்ணு சொல்லணும்க்கா. நேத்து ஆறு பேருக்குக் கை சிவந்து எரிச்சல். உன் சோப்பு சரியில்லன்னு பேசிக்கறாங்க."

அந்த ஆபீஸ்தான் ஏழு மாடிக்கும் அவளிடமே சோப்பு வாங்குவதாக இருந்தது. அதை நம்பி அவள் வார்த்த கட்டிகள் அறை முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தன.

"நீ என்ன சொன்ன?"

"இனிமே பாத்து செய்யச் சொல்றேன்னேன்."

பதினோரு வருடப் பேரைக் கொண்டுபோய்க் குழாயடியில் கொட்டிவிட்டு, பாத்து செய்யச் சொல்கிறானாம். அவளுக்கு உச்சந்தலை காந்தியது.

"வாயக் கொப்புளிச்சிட்டு சட்டையப் போடு. கிளம்பு."

ஆபீஸ் மேலாளர் அம்மாளின் மேசையில் சோப்பக்கா இரண்டு துண்டுகளை வைத்தாள். ஒன்று புதியது, ஒன்று டப்பாவிலிருந்து எடுத்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினாள்.

"விரல நனைச்சு இந்தப் புதுசுல தேய்ச்சு, நாக்கு நுனில வைடா."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"எங்கக்கா செஞ்சதுன்னு பீத்தினப்ப பாக்கலயா?"

வைத்தான். முகம் கோணிக்கொண்டது.

"எப்படி இருக்கு?"

"சுரீர்னு கடிக்குது."

"கொப்புளிச்சிட்டு இத வை."

தயங்கித் தயங்கி வைத்தான். "ஒண்ணும் பண்ணல. சும்மா சோப்பு தின்ன மாதிரிதான் இருக்கு."

மேலாளர் அம்மாள் வந்த சிரிப்பைத் தாளால் மறைத்தாள்.

"ஒவ்வொரு தட்டையும் இப்படி என் நாக்குல பாத்துட்டுதான் மேடம் வெளிய விடுவேன். கடிச்சா வீடு தாண்டாது. காய மூடி வச்சிருந்தத என்னைக் கேக்காம எடுத்தது இவன். அத இவன் வாயாலயே கேளுங்க."

"நான்தான் மேடம்" என்றான் தம்பி, நாக்கை முழுக்க உள்ளே இழுக்காமல்.

"நம்பறேன்மா. உங்க சோப்புல குத்தமில்ல. ஆனா கை எரிஞ்சவங்கள மறுபடியும் அதே சோப்பத் தொடச் சொல்ல என்னால முடியாது. இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாசம் போகட்டும்."

சோப்பக்கா கெஞ்சவில்லை. சோப்புத் துண்டுகளை எடுத்துப் பையில் போட்டாள்.

"அந்த ஆறு பேரும் எங்க உக்காந்திருக்காங்க மேடம்?"

"எதுக்கு?"

"உங்ககிட்ட சொன்னத அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இவன் சொல்லணும்."

"அக்கா, நான் தினமும் இங்க வேலைக்கு வரணும்க்கா" என்றான் தம்பி கெஞ்சலாக.

"நானும் தினமும் சோப்பு விக்கணும்டா. நட."

முதல் மேசையை நோக்கி அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.