ஜும்ஆ நேரத்து லிப்ட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது எனக்கே நடந்தது. இடம், கல்முனையில் ஓர் அரச அலுவலகம். எதுவென்று சொன்னால் என் வேலை போய்விடும்.

எங்கள் கட்டடம் மூன்று மாடி. சென்ற வருடம் அதற்கு லிப்ட் வாங்கிப் பூட்டினார்கள். புத்தம் புதியது என்றார்கள். அரசாங்கமும் புதியதற்குரிய விலையைத்தான் கொடுத்தது. ஆனால் ஏறினால் எப்போதும் சேற்று நாற்றம். "கடற்காத்துக்கு அப்பிடித்தான்" என்றார், அதை வாங்கிப்போட்ட எங்கள் மேலதிகாரி சேர்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார்கள். காவலாளி ஜெமீல் காக்காவும்தான். எனக்கு முழங்கால் வலி. மூன்றாம் மாடியிலிருந்து இறங்க லிப்டில் ஏறினேன். மணி 12.40.

பாதி வழியில் கரண்ட் போனது.

கும்மிருட்டு. ஃபோனில் சிக்னல் இல்லை. கதவைத் தட்டினேன், கத்தினேன். தூரத்துப் பள்ளிவாசலில் குத்பா ஓதும் சத்தம் மட்டும் கேட்டது.

காலில் ஏதோ குளிர்ந்தது. ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீர். அந்தரத்தில் தொங்கும் பெட்டிக்குள் தண்ணீர்...

அவசரப் பொத்தானை அழுத்தினேன். ஸ்பீக்கர் கரகரத்தது.

"யாரு?" ஒரு பெண் குரல்.

"நான் நுஸ்ஹா. லிப்டுக்குள்ள மாட்டிட்டன். ஆரையாச்சும் அனுப்புங்க."

மூச்சு வாங்கும் சத்தம்... பிறகு,

"நானும் உள்ளதான் இருக்கேன்."

எங்கள் ஊர்ப் பேச்சில்லை அது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஆயத்துல் குர்ஸி ஓதப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை.

அடுத்த முறை குரல் ஸ்பீக்கரில் வரவில்லை.

காதோரம் வந்தது.

"நிமிர்ந்து நில்லுங்க. இன்னும் ஏறும்..."

இடுப்பு வரை...

சட்டென்று வெளிச்சம். கதவு திறந்தது. ஜெமீல் காக்கா நின்றார்.

"என்ன புள்ள, இப்பிடி நனைஞ்சிரிக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். லிப்டின் தரை காய்ந்து கிடந்தது. என் அபாயா இடுப்புக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

நான் விடவில்லை. மேலிடத்துக்கு முறைப்பாடு செய்தேன். கொழும்பிலிருந்து லிப்ட் திருத்துபவர் ஒருவரை அனுப்பினார்கள். றிம்சான் என்று பெயர். ஸ்பீக்கரைத் திறந்தார். "இதுக்கு வயரே குடுக்கல்லையே" என்றார். பிறகு சுவரில் அடித்திருந்த பளபளப்பான தகட்டைக் கழற்றினார். அடியில் துருப்பிடித்த பழைய தகடு. அதைக் கண்டதும் அவர் கை நின்றுவிட்டது.

"இத ஹோட்டல் ஒன்டுல இருந்து கழட்டினதே நான்தான். வெள்ளத்தில லிப்ட் நிலவறைக்குப் போய் நின்டுட்டு. கூட்டுற பொம்புள ஒருத்தி உள்ளுக்கு இருந்தா."

தகடு முழுக்க நகக் கீறல்கள். கீழே கொஞ்சம்தான். மேலே போகப் போக, கூரைக்குக் கிட்ட, இடமே இல்லாமல்...

"வெளிய கதைக்க வேணாம்" என்றார் சேர். விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஒரு மாதத்தில் இரவோடிரவாக லிப்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

போன கிழமைதான் கேள்விப்பட்டேன். புதுத் தகடு அடித்து, புது விலைக்கு, ஓர் ஆஸ்பத்திரியில் பூட்டியிருக்கிறார்களாம்.

எந்த ஊர் என்று கேட்டேன். ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.