அம்மாவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இப்போது ஒரு விஷயத்துக்கு என்னைத்தான் தேடி வருகிறார்கள். ரூ காய் என்ற கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும் என்னை யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, நேபாளத்தில் ஒரு மாதம் மலிவாக இருப்பது எப்படி என்று கேட்கிறார்கள். எந்த மாதம் அறை மலிவு, அறையில் சமைக்க விடுவார்களா, தாய்க்கு விசா எயார்போர்ட்டிலேயே குத்துவார்களா. நானும் சொல்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் போங்கள், மழைக்காலம், வெள்ளைக்காரர் வரமாட்டார்கள், அறை பாதி விலைக்குக் கிடைக்கும். பக்தபூரில் எடுங்கள், பழைய ராசாக்களின் நகரம், காத்மாண்டின் இரைச்சல் இல்லை. சொல்லிவிட்டுச் செவ்ரானில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இமயமலை அடிவாரத்தில் மலிவாகக் குடியிருக்கும் வித்தை எங்களுக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்? பெற்ற தாயின் வீட்டுக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்பதல்லவா எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

நான் சென் தெனியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரி இளம் வயதில் நேபாளத்தில் மூன்று மாதம் இருந்தவள். மன அமைதி தேடிப் போனாளாம். ஒரு நாள் சாப்பாடும் படுக்கையும் பாரிஸில் ஒரு கோப்பி குடிக்கிற காசுதான் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள். நான் போகப்போகிறேன் என்றதும், “உன்னுடைய ஊர்ப் பக்கம்தானே, உனக்கு அது வீட்டுக்குப் போகிற மாதிரி” என்றாள். யாழ்ப்பாணத்துக்கும் இமயமலைக்கும் நடுவில் முழு இந்தியாவும் படுத்துக் கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். கோபம் வரும்போது என் பிரெஞ்சு வராது. தட்டுகளைச் சத்தமாக அடுக்கினேன்.

அவளுக்கு மலிவு ஒரு விளையாட்டு. அமைதி கிடைக்காவிட்டால் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம். என் கையில் இருப்பதோ அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். இங்கே நாங்கள் அதைத் தித்ர் என்போம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அதில் அச்சடித்திருக்கிறது. உலகம் முழுவதும் திறந்திருக்கிறது, அம்மா இருக்கிற வீடு மட்டும் பூட்டு. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடலாமே என்று கேட்பீர்கள். பிரெஞ்சுப் பரீட்சைக்குப் பயந்து பயந்தே வருடங்கள் போய்விட்டன. அந்தப் பிழை என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் லா சப்பல்காரர் தாய் தகப்பனை மூன்றாவது ஊரில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் திருச்சியில், ஒருவர் சென்னையில், வசதியானவர்கள் சிங்கப்பூரில். எனக்கு நேபாளத்தைக் காட்டியவர் ரூ காயில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கார அண்ணை.

“தங்கச்சி, நேபாளத்துக்குப் போங்கோ. இலங்கைப் பாஸ்போட்டுக்கு எயாப்போட்டிலையே விசா குத்துவாங்கள், காசும் இல்லை. முப்பது நாள். அம்மா ஒரு ஒபிசுக்கும் அலையத் தேவையில்லை. நீங்கள் மட்டும் விசாவை இஞ்சையே எடுத்துக்கொண்டு போகவேணும்.”

முப்பது நாள். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை. நான் அவரைக் கடைசியாகப் பார்த்துப் பத்தொன்பது வருடங்கள். இன்னொரு முறை இப்படி ஒரு பயணம் அவரால் முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் போனில் அதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு டிக்கெட் போட்டேன். கணவரும் மகனும் வரவில்லை, மூன்று பேருக்குக் கட்டுபடியாகாது.

நான் ஒரு நாள் முந்திப் போய் அறையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் விமானத்துக்காகக் காத்மாண்டு எயார்போர்ட் வாசலில் நின்றேன். விமானம் இறங்கியது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மாவைக் காணவில்லை. ஒரு மணித்தியாலம் போனது, இரண்டாவதும் போனது. கடைசியில் ஒருவர் வெளியே வந்து, இலங்கையிலிருந்து வந்த வயதான பெண்ணைத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவமாக இருந்தார். என்னைப் பார்த்த அந்த முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. விஷயத்தை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். யாரிடம் போகிறீர்கள் என்று கேட்டால் யாருமில்லை என்கிறாராம். எங்கே தங்குவீர்கள் என்றால் தெரியாது என்கிறாராம். பசுபதிநாதரைக் கும்பிடத் தனியாக வந்ததாக இரண்டு சொல் ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிச் சொல்கிறாராம். முகவரி இல்லாத, தனியாக வந்த கிழவியை எப்படி உள்ளே விடுவது, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பத்தான் வேண்டும் என்றார். நான் எழுதி அனுப்பிய முகவரி அந்தக் கைப்பைக்குள்தான் இருந்தது. அம்மா அதை வெளியே எடுக்கவில்லை.

“நான் இவரின் மகள்” என்றேன். அதிகாரி என் தித்ரைப் புரட்டினார். பிறகு, “இந்தப் பெண் யார் என்று உன் மொழியிலேயே அவரிடம் கேள்” என்றார்.

கேட்டேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என் தாயிடம் நேரில் கேட்ட முதல் கேள்வி அது.

“அம்மா, நான் ஆர் எண்டு கேக்கினம்.”

அம்மா சீருடையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “தெரியாதெண்டு சொல்லு, பிள்ளை” என்றார்.

இதை அவருக்குப் படிப்பித்தது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான். ஊரை விட்டுப் போகிற அன்று விடியற்காலை, ஆர் கேட்டாலும் எனக்குப் பிள்ளை இல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா, என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு என்னைத் தேடிச் சீருடைகள் எத்தனை தடவை வாசல் படலையைத் திறந்துகொண்டு வந்தன என்று அம்மா சரியாகச் சொன்னதில்லை. முதல் தடவை வந்து போனதும் வீட்டிலிருந்த என் படங்களை எல்லாம் அடுப்பில் வைத்தாராம். பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்னால்தான் அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கும் என்ற நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுவந்து விட்டவர்கள் யாரோ, அவர்கள் இன்றைக்கு நிம்மதியாக ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் படங்களைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள்.

“என்ன சொல்கிறார்?” என்றார் அதிகாரி.

“நான் தன்னுடைய மகள் என்று சொல்கிறார்” என்றேன்.

அவர் நம்பினாரோ இல்லையோ, பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு சேலை, ஒரு துவாய், மற்றபடி முழுவதும் வறுத்து இடித்த கறித்தூள். ஐந்து கிலோவாவது இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போகிற யாழ்ப்பாணத்துத் தாய் தூள் இல்லாமல் புறப்படமாட்டாள், பிள்ளையை இல்லை என்று சொல்லப் போகிறவளும்தான். கோயிலுக்கு வந்தவருக்கு இவ்வளவு மிளகாய்த்தூள் எதற்கு என்று அதிகாரி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“சாமிக்கு” என்றார் அம்மா.

அதை மட்டும் உள்ளபடியே சொன்னேன். அந்தப் பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூள் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகவரியை எழுதச் சொல்லி விசாவைக் குத்தினார். வெளியே வந்து டாக்ஸியின் கதவு மூடிய பிறகுதான் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அழத் தொடங்கினார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

பக்தபூரில் எங்கள் அறை பழைய நகரத்தின் நுழைவாசலுக்குச் சற்று வெளியே. உள்ளே போக வெளிநாட்டவர் டிக்கெட் வாங்க வேண்டும், அதனால் வெளியே எடுப்பதுதான் மலிவு. நிலநடுக்கத்தில் வெடித்த ஒரு சுவருக்கு மரங்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள், அதனால் இன்னும் மலிவு. நான் முட்டு மரங்களையும் சுவரையும் மாறி மாறிப் பார்க்க, அம்மா, “உது விழாது. எங்கடை வீடு ஷெல் விழுந்தும் நிண்டது” என்று பாயை அந்தச் சுவரோடேயே போட்டார். ஒற்றை காஸ் அடுப்பை விறாந்தையில் வைத்துச் சமைத்தோம். உருளைக்கிழங்கு, கீரை, பருப்பு, எல்லாவற்றுக்கும் சாமிக்குக் கொண்டுவந்த தூள். மண்சட்டியில் விற்கும் அந்த ஊர் எருமைத் தயிரை அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “வன்னித் தயிருக்குக் கிட்ட வரும்” என்று மதிப்பெண் போட்டார். மழை விடவே இல்லை. இமயமலை ஒரு நாளும் தெரியவில்லை. “உந்த மலையைக் காட்டித்தானே காசு வாங்கிறாங்கள், எங்கை அது?” என்று அம்மா தினமும் ஜன்னலில் நின்று கேட்பார்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஒன்றைத் தவிர. தெருவில் போகும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எதிரே ஒரு சீருடை வந்தால் போதும், கை விடுபட்டுவிடும். மூன்று அடி தள்ளி, யாரோ எவரோ போல, கடைகளைப் பார்த்துக்கொண்டு நடப்பார். போக்குவரத்துப் பொலிஸுக்கும் அப்படித்தான், வங்கி வாசலில் நிற்கும் காவலாளிக்கும் அப்படித்தான். ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியக் குழு ஒன்று வெள்ளைத் தொப்பியோடு வந்தது, அதற்கும் கையை விட்டார். நான் சொல்லிப் பார்த்தேன். “இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம் அம்மா.” ஓம் ஓம் என்பார். அடுத்த தொப்பியைக் கண்டதும் விட்டுவிடுவார்.

இருபத்தெட்டாவது நாள், நகரத்துக்குள் இருக்கும் ஐந்தடுக்குக் கோயிலைப் பார்க்காமல் போவதா என்று புறப்பட்டோம். நுழைவாசலில் நீலச் சீருடையில் ஒரு காவலர் நின்றார். அம்மாவின் கை விடுபட்டது. சேலையும் குடையுமாக நடந்த அம்மாவை அவர் உள்ளூர்க் கிழவி என்று நினைத்து விட்டுவிட்டார். ஜீன்ஸ் போட்ட என்னை மறித்து டிக்கெட் என்றார். இந்தியா, இலங்கை போன்ற பக்கத்து நாட்டுக்காரருக்கு ஒரு விலை, மற்ற வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. நான் இலங்கையில் பிறந்தவள் என்றேன். பாஸ்போர்ட்டைக் கேட்டார். தித்ரை நீட்டினேன்.

அவர் அதைப் புரட்டினார், டிக்கெட் கூண்டுக்குள் இருந்தவரைக் கூப்பிட்டார். இரண்டு தலைகள் குனிந்து பார்த்தன. பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட் இல்லை. பிரான்ஸ் என்று போட்டிருக்கிறது. ஆனால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் இல்லை. கூண்டுக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார், “அப்படியானால் நீங்கள் எந்த நாடு?”

டிக்கெட் கூண்டில் நிற்கிற ஒரு மனிதன் கேட்கிற ஆகச் சின்னக் கேள்வி அது. எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெடியன் கேட்காமலே தன் நாட்டைச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் அம்மாவின் சத்தம் கேட்டது. வாசலுக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பாகப் போய்விட்ட மனுசி, குடையைத் தடி போலப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

“என்ன கேக்கிறான் இவன்?”

“நான் எந்த நாடு எண்டு கேக்கிறார். உங்களுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலையாம்.”

“ரெண்டு விலையோ? என்ரை வயித்திலை பிறந்தவளுக்கு ரெண்டு விலையோ?” நீலச் சீருடையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். “இவள் என்ரை பிள்ளை! கேட்டுதோ? என்ரை பிள்ளை! டோட்டர்! மை டோட்டர்!”

குடை கூண்டின் பலகையில் விழுந்து சத்தம் எழுப்பியது. தயிர் விற்கும் பெண் எட்டிப் பார்த்தாள். காவலர் ஓரடி பின்வாங்கினார். அம்மாவின் கை என் மணிக்கட்டை நோகும்படி பிடித்திருந்தது.

விதி விதிதான், காவலர்மேல் பிழை இல்லை. வெளிநாட்டு விலையையே கேட்டார்கள். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக எதற்கும் முழுக் காசு கொடுத்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாளில் அம்மா போனார், நானும் பாரிஸ் வந்தேன். ஒரு சனிக்கிழமை ரூ காயில் சாமான் பைகளோடு நிற்கும்போது அம்மா போன் எடுத்தார். சுகம் விசாரித்த பிறகு, மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னார்.

“கட்டுநாயக்கா எயாப்போட்டிலை இறங்கினாப் பிறகு ஒருத்தன் கேட்டவன், ஆரைப் பாக்கப் போனனீங்கள் எண்டு.”

“என்ன சொன்னனீங்கள்?”

“சாமி கும்பிடப் போனனான் எண்டு சொன்னனான்.”

இப்போது காலம் மாறிவிட்டது, இனிப் பயமில்லை, உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் ஒரு மகள் சொல்ல வேண்டும். கத்தவும் வேண்டும் போல இருந்தது. சனிக்கிழமைக் கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. அம்மா தனியாக இருக்கிற வீட்டையும், அந்தப் படலையையும் நினைத்தேன்.

“சரி அம்மா” என்றேன். “ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்கோ.”