வேன் ஏறும் வரிசை

நோயாளிகளை வீட்டிலிருந்து டயாலிசிஸுக்கு ஏற்றி வருவதுதான் என் பிழைப்பு. யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்பது ஆபீஸ் அக்காவின் எக்செல் ஷீட்டில் இருக்கும். பத்து வருடமாக அதை மேலிருந்து கீழே படித்தே வண்டி ஓட்டினேன். முதல் பெயருக்குக் காலை ஆறு மணி, கடைசிப் பெயருக்குப் பத்து மணி.

அதை டேட்டாபேஸுக்கு மாற்ற ஒரு சாப்ட்வேர்காரர் வந்தார். மாற்றிய அன்றே என் மண்டை காய்ந்துவிட்டது. பெயர்கள் அகர வரிசையில் வந்தன. கண் தெரியாத டீச்சரம்மாவின் மகள் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அன்று அந்த அம்மா ஒன்பதரை வரை தனியாகக் கிடந்தார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"யாரு முதல்லனு ஷீட்ல எங்கயுமே எழுதலையேங்க," என்றார் அவர்.

"மனசுல வெச்சுதான் மேல கீழ போட்டேன்," என்றார் அக்கா. குரலே எழும்பவில்லை. நாள் முழுக்க டெலிபோனில் திட்டு வாங்கிய களைப்பு.

சாப்ட்வேர்காரர் இரண்டு கட்டங்கள் சேர்த்தார்: எத்தனையாவது ஆள், என்ன காரணம். காரணம் காலியாக இருந்தால் சேவ் ஆகாதாம். அக்கா சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே போனார். கடைசிப் பெயர் வந்தது. அது அக்காவுடைய வீட்டுக்காரர்.

"இவரு ஏம்மா கடைசி?" என்றார் சாப்ட்வேர்காரர்.

"புருஷனை முன்னாடி ஏத்திக்கிட்டானு நாலு பேர் பேசுவாங்கல்ல."

"அதையெல்லாம் காரணம்னு போட முடியாதும்மா. உடம்புக்கு என்ன?"

"படுத்தா மூச்சு முட்டும்." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நியாயமா ரெண்டாவதா ஏத்தணும்."

பத்து வருடம்! அத்தனை நாளும் அவரைக் கடைசியாக ஏற்றியது நான். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த முறை ஆறேகாலுக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். ஆபீஸைத் திறக்க அக்கா ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். மாமா சட்டை மாட்டி, பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பரவாயில்லையே மாமா, அதுக்குள்ள ரெடியாயிட்டீங்க!"

"எப்பவுமே இந்த நேரத்துக்கு ரெடிதான்பா. அவ கிளம்பற வரைக்கும் சாஞ்சபடி தூங்கற மாதிரி இருப்பேன், போனதும் இங்க வந்து உக்காந்துப்பேன், படுக்கத்தான் முடியாதே. நீதான் பத்து மணிக்கு வருவ." பிடித்து எழுப்பியபோது மெதுவாகச் சொன்னார், "அவகிட்ட சொல்லிடாத. பாவம், அவளே அலுத்துப்போய்க் கிடக்கா."

மாமாவை டயாலிசிஸுக்கு இறக்கிவிட்டு வந்தபோது, ஆபீஸ் வாசலிலேயே அக்கா நின்றிருந்தார். "எழுந்திருச்சாராப்பா? இவ்வளவு சீக்கிரம் பழக்கமே இல்லையே."

"சாஞ்சபடியே நல்ல தூக்கம்க்கா," என்றேன். "நாலு தடவை ஹாரன் அடிச்சேன்."