ஈசானிய மூலையில் ஒரு தூண்

ஏனாத்தூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா சுகாசினி விண்மீன்களைப் படமெடுப்பாள். பெரிய தொலைநோக்கிக்கு ஆசைப்படாமல், சிறியதையும் அதைத் தாங்கி வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் உறுதியான மவுண்டையும் வாங்கினாள். அதை நிறுத்த மொட்டைமாடியின் வடகிழக்கு மூலையில் சிமென்ட் தூண் எழுப்பினாள்.

மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வரவிருந்த வாரத்தில் அத்தை வந்தார்.

"ஈசானியத்துல பாரம் ஏத்துனா கல்யாணம் எப்படிமா கூடும்? இடிச்சிட்டு அந்தாண்ட கட்டு."

"அந்தாண்ட போனா மாடிப்படி ரூம் துருவ நட்சத்திரத்தை மறைக்குது அத்த. அதைப் பாத்து மவுண்டை நேரா வெக்கலைன்னா படத்துல நட்சத்திரமெல்லாம் கோடா இழுத்துக்கும்."

"மாப்பிள்ளை வீட்டுல பாத்தா?"

"பாக்கட்டும்."

அப்பா கடப்பாரையோடு ஏறி வந்தார். அக்கா தூணின்மேல் மவுண்டை வைத்து, அவர் முன்னாலேயே போல்ட்டுகளை முறுக்கினாள். அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை அக்கா காபிக்கு முன்பே மாடிக்கு அழைத்துப் போனாள்.