கூசாத பல்

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே வருடத்தில்தான் பல்லுக்குக் கிரவுன் போட்டார்கள். பிரஷர் மாத்திரை வரை எல்லாவற்றையும் சேர்ந்தே தொடங்கிப் பழகிய தம்பதி நாங்கள். அவளுக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல், எனக்கு வலது. நரம்பை எடுத்து, பல்லைச் சீவிக் குட்டையாக்கி, மேலே வெள்ளை மூடி ஒன்றை ஒட்டினார்கள். எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று அன்றைய வைத்தியர் விளக்கிச் சொல்லியிருப்பார். வாய் மரத்துப்போயிருந்ததில் காதும் மரத்துவிட்டது போல.

மலைக்குளிர் அடிக்கும் எங்கள் வட்டவளையில் விடியற்காலையில் பைப்பைத் திறந்து வாய் கொப்பளித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் மற்றப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கதறும். அவளோ நிதானமாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொல்வாள்:

“எனக்கு இருக்கிறதுலயே கெட்டியான பல்லு இந்த மூடி போட்டதுதாங்க. ஐஸ்தண்ணிக்கும் கூசாது.”

நரம்பே இல்லாத பல் எதைக்கொண்டு கூசும் என்று நான் கேட்டிருக்கலாம். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். பல்லைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு அந்த மூடியை ஒட்டிய ஈறில் மட்டும் பிரஷ் பட்டால் இரத்தம் வந்தது. அவள் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பற்களை மட்டும் விளக்கினாள்.

“புண்ணப் போயி ஏங்க நோண்டணும்?” என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி என் பங்குக்கு வைத்தியமும் பார்த்தேன்.

முதலில் கழன்றது என் கிரவுன்தான். மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் பால் விடாத பிளேன்டீக்குக் கருப்பட்டியைக் கடித்தேன். கருப்பட்டியோடு இன்னொன்றும் வந்தது.

“கல்லு ஒன்னு இருந்திருக்கு.”

“கல்லு இல்லங்க, ஒங்க பல்லு. முழுங்கிறாதீங்க.”

மறுநாள் மூடியைப் பழைய தைல டப்பா ஒன்றில் போட்டுக்கொண்டு ஹட்டன் டவுனுக்குப் பஸ் ஏறினேன். அவளும் கூட வந்தாள். “தனியா விட்டா டொக்டர் கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருவீங்க” என்றாள். அது அவதூறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

பல் வைத்தியர் இளம் பெண். என் வாயைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, “உள்ள இருக்கிற பல்லு நல்லா இருக்கு அங்கிள். துப்புரவா வெச்சிருக்கீங்க” என்றார். திருடனுக்கு மாலை போடுவதைப் பார்ப்பது போல என் மனைவி பார்த்தாள். உண்மை என்னவென்றால், அந்த இடுக்கில் சாப்பிட்டதெல்லாம் சிக்கிக்கொள்ளும். எரிச்சலில் தினமும் நூல் விட்டு இழுத்துக்கொண்டிருப்பேன். மூடியைச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிட்டார்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “அப்ப என்னோடதையும் பாருங்க டொக்டர். ஆடக்கூட இல்ல” என்று நாற்காலியில் ஏறி அமர்ந்தாள்.

வைத்தியர் மெல்லிய கொக்கி ஒன்றை மூடியின் ஓரமாக ஓட்டினார். ஓர் இடத்தில் அது உள்ளே இறங்கியது. பிறகு எக்ஸ்ரே. வெள்ளை மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல்.

“அன்டி, இங்க வலிக்கவே இல்லயா?”

“சுத்தமா இல்ல.”

“நரம்பு எடுத்த பல்லு வலிச்சுக் காட்டாது. மூடி சொத்தையாகாது, அடியில இருக்கிற பல்லு ஆகும். நல்லாப் பாத்துக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருசம்கூடத் தாங்கும். மூடியும் ஈறும் சேர்ற ஓரத்துல அழுக்கு தங்கினா உள்ளுக்கு அரிச்சுக்கிட்டே போகும்.”

“ரத்தம் வந்துச்சு. அதான் அங்க வெளக்கல.”

“ரத்தம் வந்தா அங்கதான் மெதுவா, நல்லா வெளக்கணும் அன்டி.”

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. “காப்பாத்த ஏலாதா டொக்டர்?” என்றாள்.

“கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். சத்தம் கதவைத் தாண்டி வந்தது. எனக்குத் துளைத்தபோது இவ்வளவு சத்தம் கேட்டதாக நினைவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது, தட்டில் அவளுடைய மூடி இரண்டாகக் கிடந்தது. வெட்டிய இடத்தைத் தவிர எங்கும் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த பல், மழையில் ஊறிய கட்டைபோலப் பழுப்பாகிப் பிளந்திருந்தது. தோட்டத்து லய வீட்டுக் கூரைகளிலும் பார்த்திருக்கிறேன், தகரம் பளபளவென்று இருக்கும், அடியில் மரத்தில் விரல் இறங்கும்.

பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பக்கத்துப் பற்கள் இரண்டையும் சீவி, அவற்றின்மேல் பாலம்போல ஒன்று கட்டலாம் என்றார் வைத்தியர். பஞ்சைக் கடித்தபடியே என் மனைவி தலையை ஆட்டி மறுத்தாள். “நல்லா இருக்கிற ரெண்டையும் சீவவா?” என்று மறுநாள் என்னிடம் கேட்டாள்.

இப்போது அவள் வலது பக்கமாகவே மெல்லுகிறாள். இரவுச் சாப்பாடு முடிந்து, எல்லாப் பற்களையும் ஓரம் விடாமல் விளக்கிவிட்டு, போன் டோர்ச்சை என் கையில் கொடுத்து வாயைத் திறக்கிறாள்.

“கீழ் வரிசையில இந்தப் பல்லு வலிக்கவே இல்லங்க. பாருங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது. முன்பு அந்த மூடியும் அப்படித்தான் இருந்தது.

“ஒன்னும் தெரியல. அடுத்த கெழம டொக்டர்ட்ட காட்டுவோம்.”

“ஆறு மாசம் கழிச்சுத்தானே வரச் சொன்னாங்க? அதான் ஒன்னும் தெரியலங்கிறீங்களே.”

“அதனாலதான்” என்றேன்.