வேதாச்சலத்தின் ஆறு துப்பாக்கிகள்

வேதாச்சலம் என்கிற பேரை இந்திராணி முதன்முதலாகக் கேட்டது பாகாலாவில், தொண்ணூற்றிரண்டாம் வருசம் சித்திரை மாசத்தில். அவளைப் பெற்ற நைனா கங்கையா ஜங்ஷன் பக்கம் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றின கையோடு சொன்னார். "கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஒரு பையன் கீறான். பேரு வேதாச்சலம். மெட்ராசுல துப்பாக்கிக் கம்பெனியில வேலை."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கமலம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "போலீசா?"

"போலீசு இல்ல. துப்பாக்கி செய்யற கம்பெனி. ஆனா சுடாத துப்பாக்கியாம்."

"சுடாத துப்பாக்கியை எவன் வாங்குவான்? அரைக்காத அம்மி கணக்கா."

"வெள்ளக்காரன் வாங்கறான். உனுக்கின்னா? பையனுக்கு மாசம் பொறந்தா சம்பளம்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது. அப்போது எட்டு வயசான தம்பி ஹேமநாத் மட்டும், "எனக்கு ஒண்ணு எடுத்தாருவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆவணியில் கல்யாணம் ஆயிற்று.

கம்பெனி அம்பத்தூர்ப் பக்கம் இருந்தது. எதை வேண்டுமானாலும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று சர்க்கார் கதவைத் திறந்துவிட்ட நேரம் அது. ஊறுகாய் அனுப்பினவன் உண்டு, தலைமயிர் அனுப்பினவன் உண்டு. இந்தக் கம்பெனிக்காரன், கும்பினிச் சிப்பாய் காலத்துத் துப்பாக்கியைப் பார்த்து அச்சு அசலாக அதே மாதிரி செய்து அனுப்பினான். வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் பழைய சிப்பாய் வேசம் கட்டிக்கொண்டு, மைதானத்தில் சண்டை விளையாட்டு விளையாடுவார்களாம். அதற்கு. குழலில் தீ போகும் துளை இல்லாமல், அலங்காரச் சாமானாகத்தான் இங்கிருந்து கப்பலேறும். அங்கே போய் அவர்கள் சட்டப்படி எப்படியோ செய்துகொள்வார்கள்.

வேதாச்சலத்துக்குச் செய்கிற வேலை இல்லை. கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற வேலை. "பொறி வரவில்லை" என்று அங்கிருந்து திருப்பி அனுப்பினால் அது அவர் மேசைக்குத்தான் வரும். துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, காதோரம் வைத்து விடுவார். டக்கென்ற அந்த ஒரு சத்தத்தில், வில் தளர்ந்துவிட்டதா, சக்கிமுக்கிக் கல் மழுங்கிவிட்டதா, கல் மோதுகிற எஃகுத் தகடு காய்ச்சித் தண்ணீரில் சரியாகத் தோய்க்காமல் மெத்தென்று இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வீட்டில் குக்கர் விசில் சரியில்லையென்றாலும் அதே மாதிரிதான் தலையைச் சாய்த்துக் கேட்பார். பேச்சு குறைவு.

தொண்ணூற்றெட்டில் கம்பெனியை மூடினார்கள். வடக்கே யாரோ இதைவிட மலிவாகச் செய்கிறார்களாம். கழித்துப்போட்ட சாமான்களை எடைக்கு விற்றபோது, வேதாச்சலம் ஆறு துப்பாக்கிகளை வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு, மூன்று வயசு ரூபாவோடும் இந்திராணியோடும் ஊருக்கு வந்து சேர்ந்தார். புத்தூரில் ஒரு பட்டறை போட்டார். பம்புசெட்டு, ஸ்பிரேயர், தையல் மெசின், எது வந்தாலும் பார்ப்பார். தலகோனா காட்டுப் பக்கம் சினிமாக்காரர்கள் வந்தால் ஆறு துப்பாக்கியும் வாடகைக்குப் போகும்.

இப்படி இருக்கையில்தான் ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர் ஆதிநாராயணன் வீடு தேடி வந்தார். ஜமீன் இருந்த காலத்தில், கங்கம்மா ஜாத்திரையன்று அம்மன் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டும்போது அரண்மனைத் துப்பாக்கி ஆறு முழங்குமாம். ஜமீன் போயிற்று, துப்பாக்கியும் போயிற்று, அப்புறம் பட்டாசுதான். இப்போது ஊரில் பாதி வீட்டில் ஒரு ஆள் குவைத்தில். ஜாத்திரையைப் பழைய மாதிரி நடத்த வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

"வேதாச்சலம், உன் துப்பாக்கிய வெறும் மருந்து போட்டு சத்தம் மட்டும் வர்றாப்ல பண்ணிக் குடு. குண்டு வேணாம்."

"அது சுடறதுக்குச் செஞ்ச குழல் இல்லிங்க."

"சத்தத்துக்கு மட்டுந்தானப்பா. அம்மாவுக்குச் செய்யறது."

ஆதிநாராயணன் வீட்டு வாசலில் வேதாச்சலத்தின் தாத்தா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அரண்மனைத் துப்பாக்கிக்காரர்களுக்குப் பின்னால் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு போன வம்சம். இன்றைக்கு அந்தத் தெருவிலிருந்து பெரிய மனுசர் தேடி வந்து, "நீ இல்லாம நடக்காதுப்பா" என்கிறார். வேதாச்சலம் ஒரு வாரம் யோசித்தார். பிறகு துளை போட்டார். அது தப்பென்று அவருக்குத் தெரியும். லைசென்சும் கிடையாது.

தப்புக்குள்ளேயும் ஒழுங்காகத்தான் செய்தார். மருந்துக்குச் சின்னதாக ஒரு அளவுக் குப்பி வைத்தார். மருந்தை இடிக்கிற கோலில் இரண்டு இடத்தில் வெட்டிக் குறி வைத்தார். கோலை உள்ளே விட்டால், மேல்குறி குழல் வாயோடு நின்றால் குழல் காலி, கீழ்க் குறி வாயோடு நின்றால் ஒரு குப்பி மருந்து இருக்கிறது. இதை இந்திராணிக்கும் காட்டியிருந்தார். "குழலுக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது. கோல்தான் கண்ணு" என்பார்.

ஒரே ஒரு இடத்தில்தான் பூசாரியும் கமிட்டியும் குறுக்கே நின்றார்கள். வெடிக்காமல் போன துப்பாக்கியிலிருந்து மருந்தை எடுக்கக் கூடாது. அம்மா பேர் சொல்லிப் போட்டதைத் திருப்பி எடுத்தால் தெய்வக் குத்தம். வேதாச்சலம் இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்தார். கடைசியில் ராஜியானார். அம்மன் கோயிலுக்குத் திரும்புகிற வரை எடுப்பதில்லை. வெடிக்காத துப்பாக்கியில் சிவப்புத் துணி கட்டி ஓரமாக நிறுத்திவைப்பது. மறுநாள் அவரே வீட்டில் எடுப்பது. அந்த ராஜியில்தான் எல்லாம் போயிற்று.

முதல் வருசம் சுட்டவர்களில் ஒருவன் குவைத்துக்குப் போய், ஒரே வருசத்தில் மாடி வீடு கட்டினான். அதே வருசம் புருஷோத்தமன் என்கிறவன் கையில் துப்பாக்கி புஸ்ஸென்று போனது. அவன் விசா கள்ள விசா என்று ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போதாதா ஊருக்கு? அதிலிருந்து, ஊரைவிட்டுப் போகிறவன் எல்லைக்கல்லில் சுட்டுவிட்டுத்தான் போக வேண்டும், வெடித்தால் வழி திறக்கும், வெடிக்காவிட்டால் அடைக்கும் என்று ஒரு சாத்திரம் முளைத்துவிட்டது.

இரண்டாயிரத்து நாலாம் வருசம் ஹேமநாத்துக்குக் குவைத்து விசா வந்தது. வெல்டர் வேலை. அந்த நேரத்தில் கங்கையா செத்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. கமலம்மா இருந்த ஒரு துண்டு நிலத்தையும் விற்று ஏஜெண்டுக்குக் கொடுத்திருந்தாள். அடுத்த வியாழக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை ஜாத்திரை. "ஊரு மருமவ தம்பிதானே, அவனும் சுடட்டும்" என்று ஆதிநாராயணன் சொல்லிவிட்டார்.

காலை பத்து மணிக்கு அம்மன் எல்லைக்கல்லுக்கு வந்தாள். லேசாகத் தூறல். ஐந்து துப்பாக்கி முழங்கின. ஹேமநாத் கையில் பொறி மட்டும் பறந்தது, சத்தம் இல்லை.

கூட்டம் உச்சுக்கொட்டியது. எவனோ ஒருத்தன், "டேய், திருச்சானூரு வரைக்கும் பஸ்சாவது கெடைக்குமாடா உனுக்கு?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஹேமநாத் முகம் கறுத்துப்போனது.

வேதாச்சலம் வந்து துப்பாக்கியை வாங்கிக் குழல் வானம் பார்க்கப் பிடித்து, சிவப்புத் துணி கட்டினார். "தூத்தல்ல மருந்து நமுத்துப்போச்சு மச்சான். இது சகுனம் இல்ல, வெறும் ஈரம். உடு."

"உங்களுக்கு ஈரம் மாமா. எங்கம்மாவுக்கு?"

வேதாச்சலம் பதில் சொல்வதற்குள், அடுத்த துப்பாக்கியில் கல் கழன்றுவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். சிவப்புத் துணி கட்டினதைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டுப் போனார்.

ஏரிக்கரையில் அம்மன் திரும்பும்போது இன்னொரு முறை முழக்கம் உண்டு. அதற்குள் தூறல் நின்று வெயில் வந்துவிட்டது. மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நின்றிருந்த இந்திராணி, தம்பி மரத்தடிக்குப் போவதைப் பார்த்தாள். துணியை அவிழ்த்தான். துளையில் கம்பி விட்டுக் குத்தினான். அளவுக் குப்பியை எடுத்து, மறுபடி ஒரு குப்பி மருந்து கொட்டினான். காகிதத்தை அடைத்தான். கோலை விட்டு இடித்தான். கோலின் கீழ்க் குறிகூடக் குழல் வாய்க்கு மேலே நாலு விரல் நீட்டிக்கொண்டு நின்றது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அக்காளைப் பார்த்ததும் சிரித்தான். "அக்கா, மாமாகிட்ட சொல்லாத. இந்தத் தபா வெடிக்கும்."

வேதாச்சலம் அவளுக்கு இருபது அடி தள்ளித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "ஏங்க" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். இந்திராணி நிலத்தை நினைத்தாள். வியாழக்கிழமையை நினைத்தாள். மறுபடியும் அத்தனை பேருக்கு முன்னால் தம்பி கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினால் அம்மா என்ன ஆவாள் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை.

ஐந்து சத்தம் எப்போதும் போலக் கேட்டன. ஆறாவது சத்தம் வேறு மாதிரி, தகரத்தைக் கிழித்த மாதிரி. புகை விலகினபோது ஹேமநாத் உட்கார்ந்திருந்தான். இடது கை மணிக்கட்டோடு இல்லை. கழுத்தில் ஒரு துண்டு இரும்பு ஏறியிருந்தது. வேதாச்சலம் ஓடிவந்து துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, "கண்ண மூடாத மச்சான், என்னப் பாரு" என்றே சொல்லிக்கினு ஜீப்பில் ஏறினார்.

திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். இரண்டாம் நாள் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. "மாமா குடுத்த துப்பாக்கி. ஒரு தபாதான் மருந்து போட்டேன்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தான். ஏன் அப்படிச் சொன்னானோ. போலீசுக்குப் பயந்தோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றோ. பிழைத்துக் குவைத்துக்குப் போவோம் என்றுதான் அவன் அப்போதும் நினைத்திருந்தான். வியாழக்கிழமை, விமானம் கிளம்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உயிர் போனது.

எஸ்.ஐ. வீட்டுக்கு வந்து வேதாச்சலத்தைத் தெலுங்கில் கேட்டது ஒரே கேள்வி. "லைசென்ஸ் உந்தா?"

"லேது சார்."

நீ பார்த்தாயா என்று இந்திராணியை ஒரு கான்ஸ்டபிள் கேட்டார். "நுவ்வு சூசினாவா?"

பக்கத்தில் கமலம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். மகள் வாயைத் திறப்பதைப் பார்த்து, அவள் முழங்கையைப் பிடித்தாள். "செத்தவன் கடைசியா சொன்ன சொல்லு அது. அதப் பொய்யாக்காத. கையி போச்சு, உசுரு போச்சு, எம் புள்ள பேராவது இருக்கட்டும்."

"சூடலேது" என்றாள் இந்திராணி. பார்க்கவில்லை என்று அவர் எழுதிக்கொண்டார்.

சித்தூர் சப்ஜெயிலில் போய்ப் பார்த்தபோது வேதாச்சலம் மெதுவாகக் கேட்டார். "ஒரு குப்பிக்கு அது கிழியாது இந்திரா. நீ மரத்துக்கு எதிர்ல நின்னுக்கினு இருந்த. கோல் எம்மாம் நீட்டிக்கினு இருந்துச்சு?"

"நான் மாவிளக்கு அணைஞ்சிறப் போவுதுன்னு அதையே பாத்துக்கினு இருந்தேன்."

அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். அப்புறம் "சரி" என்றார்.

ஜாமீனில் வந்து இரண்டு வருசம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவேயில்லை. கழித்துப்போட்ட சாமானைக் கொடுத்து மச்சானைக் கொன்றவன் என்று ஊர் சொன்னது. ஆதிநாராயணன், துப்பாக்கிக்கும் கமிட்டிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டறைக்கு ஒரு ஈ, காக்கை வரவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த ரூபா, பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டாள். "நைனாதான் மாமாவக் கொன்னாரா?"

அடுத்த வாய்தாவுக்கு இந்திராணி தானே சித்தூர் கோர்ட்டுக்குப் போனாள். கூண்டில் ஏறிப் பார்த்தது பார்த்தபடி சொன்னாள். சர்க்கார் வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். "அன்னைக்குப் பாக்கலைன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டு வருசம் கழிச்சு, புருசன் ஜெயிலுக்குப் போற நேரத்துல ஞாபகம் வந்துச்சாம்மா?" கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். சுடுவதற்கென்று செய்யாத குழல் என்று, கிழிந்த துப்பாக்கியைப் பரிசோதித்து அனுப்பிய சர்க்கார் ரிப்போர்ட்டும் சொன்னது. அதுவும் உண்மைதானே. மூன்று வருசம் தண்டனை.

கோர்ட்டு வாசலில் கமலம்மா நின்றிருந்தாள். "புருசனையும் காப்பாத்தல, பொறந்தவனையும் பொய்யனாக்கிட்ட. எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றாள். சாகிற வரைக்கும் அந்த வார்த்தையை மாற்றவில்லை. சாவுக்குப் போன இந்திராணியைப் பங்காளிகள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கடப்பா ஜெயிலிலிருந்து வேதாச்சலம் வந்து பதினோரு நாள் வீட்டில் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில், தட்டில் போட்ட சோற்றைத் துன்னு முடித்துக் கை கழுவிவிட்டுப் பேசினார்.

"போலீசுல நீ சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல இந்திரா. பெத்தவ புடிச்சுக்கினா யாரா இருந்தாலும் அப்பிடித்தான். நான் துளை போட்டேன், எனக்கு வந்தது ஞாயம். ஆனா ஏரிக்கரையில ஒரு கூவல் உட்டிருந்தா அவன் இருந்திருப்பான். இருபது அடி. அத நெனச்சா உன் கையால துன்ன முடியல. பதினோரு நாளும் துன்னு பாத்தேன்."

இந்திராணி அழவில்லை. "ரூபா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவ படிக்கட்டும். நான் அனுப்பறேன்."

அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சொன்னபடி மாசாமாசம் பணம் அனுப்பினார். ரூபா படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆயிற்று. கல்யாணத்தன்று அப்பனும் ஆத்தாளும் மணையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தாரை வார்த்தார்கள். தண்ணீர் ஊற்றுகிறபோது தவிர ஒருவர் கை ஒருவர் மேல் படவில்லை. அன்று சாயந்திரமே அவர் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வேதாச்சலம் இப்போதும் பெங்களூரில்தான், பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். பட்டறைக்கு மேலேயே ஒரு ரூமில் இருக்கிறார், தானே சமைத்துத் துன்னுகிறார்.