போதும் அக்காவின் பச்சை மை

இருநிறப் பேனாவை இருமுறை சொடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கதவைத் தட்டுவார். உள்ளே அழைத்தால் வருவார், உட்காரமாட்டார். நாற்காலி போடுபவர்களிடம், “உட்கார்ந்தா உரிமை எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்பார். சுகாதார நிலைய ஊழியராக, வீடுதோறும் பிள்ளைகளைப் பதியும் அட்டைகளைச் சுமந்தபடி முப்பத்தொரு ஆண்டுகள் நின்றே பேசிய கால்கள் அவை.

தெரு வைத்த பெயர் ‘போதும் அக்கா’. இரண்டோடு நிறுத்தச் சொல்லிப் படியேறிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது பிள்ளையை அன்று சிவப்பு மையில் எழுத வேண்டும், அது எச்சரிக்கை. இன்று தொட்டில்கள் குறைந்து, பள்ளிகள் பூட்டப்பட்டு, ஆணை தலைகீழாகிவிட்டது. மூன்றாவதென்றால் பச்சை மை, உதவித்தொகை. படிகள் அவையே, ஏறுகிறவரும் அவரே.

“போதும் அக்கா வராங்க, போதாதுன்னு சொல்ல” என்பார் தையல்காரர், கத்தரியை நிறுத்தாமலே.

“துணியை அளக்கறவருக்கு நாக்கை அளக்கத் தெரியலை” என்று அக்காவும் நடையை நிறுத்தாமலே சொல்லிப் போவார்.

எழுநூறு வீடுகளில் எந்தப் பிள்ளை எந்த மையில் இருக்கிறது என்பதை அட்டையைப் பிரிக்காமலே சொல்லுவார். அவர் வேண்டாமென்று சொல்லியும் பிறந்தவர்கள் நாற்பத்து மூவர். அவர்களில் ஒருவர் தெருவில் எதிர்ப்பட்டால், தேருக்கு ஒதுங்குவதுபோல் அக்கா ஓரமாக ஒதுங்கி நிற்பார்.

அந்த நாற்பத்து மூவரில் ஒருத்தி, ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவள், சென்ற வாரம் கதவைத் திறந்தாள். வயிற்றில் மூன்றாவது. வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று அவளும் கணவனும் முடிவெடுக்காத நேரம். அக்கா துண்டறிக்கையை நீட்டினார். வாங்கியவள் அதைப் படிக்கவில்லை.

“எங்கம்மாகிட்ட என்னை வேணாம்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தாம்மா.” சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை.

“இப்ப இதைப் பெத்துக்கோங்கறதும் நீங்கதான். எதை நம்பறது?”

அந்த மாதம் பச்சை மையில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. மேலதிகாரி இருமுறை கேட்டாகிவிட்டது. அக்கா துண்டறிக்கையைத் திரும்ப வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் போட்டார்.

“ரெண்டு தடவையும் தாள்ல இருந்ததைத்தான் ஒப்பிச்சேன். உங்கம்மாகிட்ட ஒண்ணு கேக்காம விட்டுட்டேன். உன்கிட்ட கேக்கறேன். உனக்கு என்னம்மா வேணும்?”

அக்கா பேனாவையும் பைக்குள் வைத்தார். பிறகு, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.